பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் வலசை நீர்ப்பறவைகளும்: நீர்மட்ட நோக்கு

சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் இங்கு வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு நீரின் அளவைக் காட்டிலும் அதன் ஆழமே இன்றியமையாதது. உள்ளான் இனங்கள் ஆழமற்ற சேற்றுநீரில் இரைதேடுபவை. ஊசிவால் வாத்து தன் கழுத்து எட்டும் ஆழம்வரை மட்டுமே மேயும்.

வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பின்னர் மெல்ல வற்றுவது இந்நிலத்தின் இயல்பு. நீர் வற்றவற்ற விளிம்புகளில் புதிய சேற்றுப்பரப்பு வெளிப்பட்டு, பல்வகைப் பறவைகளுக்கும் அடுத்தடுத்து இரை கிடைக்கிறது.

இவ்வியல்பு மூவகையில் சிதைகிறது. முதலாவதாக, நகர விரிவாக்கமும் பெருங்குடிக் குப்பைமேடும் சதுப்புநிலப் பரப்பைச் சுருக்கியுள்ளன. இரண்டாவதாக, ஆண்டு முழுவதும் கலக்கும் கழிவுநீர் ஆகாயத்தாமரையைச் செழிக்கச் செய்து, திறந்த நீர்ப்பரப்பை மூடுகிறது. மூன்றாவதாக, 2015ஆம் ஆண்டைப் போல மழை சில நாள்களில் செறிந்து பெய்யும்போது நீர்மட்டம் திடீரென உயர்ந்து, மேய்ச்சல் விளிம்புகள் மூழ்குகின்றன.

சதுப்புநிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. அம்மடுவை அகலப்படுத்துதல் குடியிருப்புகளைக் காக்கும். ஆயின் தை, மாசியில் தங்கவேண்டிய நீரையும் அது வடித்துவிடக்கூடும். ஆகவே வடிகால் திட்டங்கள் வெள்ளக்கால உச்சமட்டத்துடன் வலசைக்காலக் குறைந்தபட்ச நீர்மட்டத்தையும் வரையறுத்தல் வேண்டும்.