மின்னஞ்சலில் வரும் ஏல அழைப்பு

காங்கேயம் வட்டாரத்தில் மாடு பிடிக்கச் செல்லும் விவசாயி, சந்தையில் கால் வைத்ததும் விலை கேட்பதில்லை. முதலில் மாட்டை நடக்க விட்டுப் பார்க்கிறார். வாயைத் திறந்து, இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்க்கிறார். சுழிகளை ஆராய்கிறார். இவ்வளவும் ஆன பிறகே துண்டைப் போட்டு, அதன் அடியில் தரகரின் விரல்களைப் பிடித்து விலை பேசத் தொடங்குகிறார். துண்டுக்குள் பேசப்படும் தொகை வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரியாது. ஆயினும் மாடு எதிரே நிற்கிறது. மாட்டுக்கு உடையவரும் எதிரே நிற்கிறார். அவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லக் கூடியவர்கள் பத்துப் பேராவது பக்கத்தில் இருக்கின்றனர். கண்ணபுரம் சித்திரைத் தாவணியிலும், பழையகோட்டையில் காங்கேயம் இனத்திற்கென்றே கூடும் சந்தையிலும் இவ்வழக்கத்தை இன்றும் காணலாம்.

அதே விவசாயியின் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. “வங்கி பறிமுதல் செய்த டிராக்டர் ஏலத்திற்கு வந்துள்ளது. சந்தை விலையில் பாதி. இன்று மாலை 5 மணிக்குள் முன்பணம் செலுத்தினால் தங்கள் பெயருக்கே உறுதி செய்யப்படும்” என்று அதில் எழுதியிருக்கிறது. வங்கியின் முத்திரை இருக்கிறது. டிராக்டரின் படமும் இருக்கிறது. சந்தையில் ஒரு மணி நேரம் மாட்டைச் சுற்றி வந்தவர், இங்கே ஐந்து நிமிஷத்தில் பணத்தை அனுப்பி விடுகிறார். டிராக்டர் வருவதில்லை. இத்தகைய மோசடி எவ்வாறு நடைபெறுகிறது, அதனை எவ்வாறு அறிந்து கொள்வது, பணம் போய்விட்டால் செய்யத் தக்கது என்ன என்பவற்றை இங்கே பார்ப்போம்.

ஏலம் என்பது என்ன?

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஏலத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டுவதில்லை. புளிய மர மகசூல், குளத்து மீன்பாசி, சந்தைச் சுங்கம் ஆகியவற்றை ஏலம் விடும் முறை அவர்களுக்குத் தெரிந்ததே. முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டப்படுகிறது; தண்டோரா போடப்படுகிறது. கேட்க விரும்புவோர் மரத்தையும் குளத்தையும் நேரில் போய்ப் பார்த்துக் கொள்கின்றனர். டேவணித் தொகை கட்டியவர்கள் யாவரும் ஓரிடத்தில் கூடி, ஒருவர் கேட்பதை மற்றவர் காது கேட்கக் கேட்கின்றனர். எடுத்தவருக்கு ரசீது கிடைக்கிறது. எடுக்காதவருக்கு டேவணி திரும்பி வருகிறது.

இப்போது இப்படி எண்ணிப் பாருங்கள். மீன்பாசி ஏலம் முடிந்த அன்று இரவு, தோற்றுப் போனவரின் வீட்டுக்கு யாரோ ஒருவர் வந்து, “எடுத்தவர் பின்வாங்கி விட்டார். நீங்கள் கேட்ட தொகைக்கே உங்களுக்குக் கொடுத்து விடலாம். பணத்தை என் கையில் கொடுங்கள், அலுவலகத்தில் சொல்ல வேண்டாம்” என்றால் என்ன செய்வோம்? சிரிப்போம், அல்லது விரட்டுவோம். கணினி வழி ஏலத்தில் உலகெங்கும் பலர் ஏமாந்தது ஏறக்குறைய இதே வார்த்தைகளுக்குத்தான்.

அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய ஈபே என்னும் ஏலத் தளத்தில், பொருளை எடுக்கத் தவறியவருக்கு ‘இரண்டாம் வாய்ப்பு’ அளிக்கும் முறை உண்மையாகவே உண்டு. மோசக்காரர்கள் அதைப் போலவே ஒரு கடிதம் தயாரித்து, தோற்றவர்களுக்குத் தாங்களே அனுப்பினர். பணத்தைத் தளத்தின் வழியாக அல்லாமல் வேறொரு கணக்கில் கட்டச் சொன்னது ஒன்றுதான் அதில் வேறுபாடு. சிலர் ஒருபடி மேலே போய், ‘பொருள் கைக்கு வரும் வரை பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் நடுவர் நிறுவனம்’ என்று பொய்யான தளங்களையும் அமைத்தனர். ருமேனியா நாட்டிலுள்ள ராம்னிகு வல்சா என்னும் நகரம், இத்தகைய தொழிலுக்கே உலகப் பெயர் பெற்று விட்டது. நம் நாட்டில் பாஸீ என்ற தளத்தை 2004-இல் ஈபே வாங்கிற்று; அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. தளம் மூடப்பட்டது; தந்திரம் மூடப்படவில்லை. இன்று அது வங்கி ஏலத்தின் பெயராலும், பழைய வாகனத்தின் பெயராலும், கால்நடையின் பெயராலும் வருகிறது.

2024 ஜனவரியில் அரியானா மாநிலத்துக் குருகிராம் மாவட்டத்தில் ஒரு பால் பண்ணைக்காரருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். மலிவு விலையில் பசு கிடைக்குமா என்று இணையத்தில் தேடினார். ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. பசுக்களின் படங்களும் வந்தன. நான்கு பசுக்கள் 95,000 ரூபாய் என்று பேச்சு முடிந்தது. முன்பணமாக ஏறத்தாழ 23,000 ரூபாய் அனுப்பினார். பசு ஒன்றும் வரவில்லை. மாட்டை அறியாதவர் அல்லர் அவர். மாட்டையே தொழிலாகக் கொண்டவர். பல்லைப் பிடித்துப் பார்க்க வழி இல்லாத இடத்தில், அவருடைய அனுபவம் பயன்படவில்லை.

கடிதத்துக்கும் பல் உண்டு

மின்னஞ்சலிலும் தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் உள்ளன. முதலாவது, அனுப்பியவர் முகவரி. மேலே காணும் பெயரை நம்ப வேண்டாம்; அங்கே எவரும் எந்தப் பெயரையும் எழுதிக் கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு முகவரி தெரியும். அதில் ‘அட்’ குறிக்குப் பின் வருவதே வீட்டு எண் போன்றது. அதனையும் வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அரசு அலுவலகமானால் பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடியும். வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்றிக் கொள்ள வேண்டுமென்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆதலால், வங்கியின் பெயர் முகவரியின் நடுவில் எங்கோ இருந்து, முடிவு வேறாக இருப்பின், அது வங்கியின் தளம் அன்று என்றே கொள்ளலாம். ஜிமெயில் போன்ற இலவச முகவரியிலிருந்து எந்த வங்கியும் சொத்தை ஏலம் விடுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. முகவரி சரியாகத் தோன்றுவதனால் மட்டும் கடிதம் உண்மையாகி விடாது. சரியான முகவரியைப் போலியாகக் காட்டும் வித்தையும் இருக்கிறது. ஆகவே, கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாமலும், அதில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காமலும், நாமே தளத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அல்லது வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். காங்கேயத்தில் வங்கிக் கிளைக்குப் பஞ்சமில்லை. ஒரு நடை போய்வரும் பஸ் கட்டணம், இழக்கக் கூடிய முன்பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, அவசரம். மூன்றாவது, பணம் யார் பெயருக்குப் போகிறது என்பது. ‘ஏல அதிகாரி’ என்று கையொப்பமிட்டு, தனி மனிதர் ஒருவரின் கணக்கு எண்ணையோ யு.பி.ஐ. முகவரியையோ கொடுத்திருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வங்கி ஏலத்தின் சட்ட முறை

அவசரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சட்டமே இங்கு நமக்குத் துணை நிற்கிறது. கடன் திரும்பாத போது வங்கிகள் அடமானச் சொத்தை 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி விற்கின்றன. அதன் விதிகளின்படி, பொது ஏலத்தின் மூலம் அசையாச் சொத்தை விற்கும்போது, இரண்டு முன்னணிப் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அவற்றுள் ஒன்று அவ்வட்டார மொழியில் இருக்க வேண்டும். முதல் முறை ஏலம் விடுகையில், அறிவிப்பு வெளியாகி 30 நாட்கள் கழியாமல் விற்பனை நடைபெறக் கூடாது. ஏலம் எடுத்தவர், டேவணியையும் சேர்த்து விலையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது மறு வேலை நாளுக்குள் கட்டுகிறார். மீதித் தொகைக்குப் பதினைந்து நாட்கள் கெடு. ‘இன்று மாலைக்குள் முழுத் தொகை, நாளை சாவி’ என்பது இந்த முறையில் எங்குமே இல்லை.

விவசாயிகள் குறிப்பாக அறிய வேண்டிய மற்றொன்று உண்டு. விவசாய நிலத்தின் மீதுள்ள அடமானத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் 31-ஆம் பிரிவு கூறுகிறது. நீதிமன்றத் தீர்ப்பு முதலிய வேறு வழிகளில் நிலம் விற்பனைக்கு வரலாம். அது வேறு விஷயம். ஆனால், “சர்ஃபேசி சட்டப்படி ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு ஏலம்” என்று அஞ்சல் வந்தால், ஒரு வக்கீலிடம் காட்டாமல் ஒரு ரூபாயும் அனுப்பலாகாது.

பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துக்களைப் பேங்க்நெட் என்ற தளத்திலும், அரசு நிறுவனங்களின் கழிவுப் பொருட்கள் முதலியவற்றை 1964-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் தளத்திலும் எவரும் பார்க்கலாம். அஞ்சலில் சொன்ன ஏலம் அங்கே இருக்கிறதா என்று பார்த்து விட்டாலே பாதிச் சந்தேகம் தீரும்.

விற்பவரும் ஏமாறுகிறார்

வாங்குபவரே ஏமாறுகிறார் என்று எண்ண வேண்டாம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு மாட்டினத்தின் பெயர் வெளியூர்களில் பரவிற்று. காளைக்கும் கன்றுக்கும் கைப்பேசியில் விளம்பரம் செய்வோர் பெருகினர். விளம்பரத்தைக் கண்டு ஒருவர், பேரமே பேசாமல், சொன்ன விலைக்குச் சம்மதிக்கிறார். (நம் பக்கத்தில் பேரம் பேசாத வியாபாரியைக் கண்டால் அப்போதே சந்தேகம் வர வேண்டும்.) ராணுவத்தில் இருப்பதாகவும், நேரில் வர இயலாதென்றும் சொல்கிறார். பிறகு, “பணம் செலுத்தப்பட்டது, மாட்டை லாரியில் ஏற்றிய சீட்டை அனுப்பினால் தங்கள் கணக்கில் சேரும்” என்று வங்கியிடமிருந்து வந்தது போன்ற மின்னஞ்சல் வருகிறது. அல்லது, தவறுதலாகப் பத்தாயிரம் அதிகம் அனுப்பி விட்டதாகவும், அதை மட்டும் திருப்பி அனுப்பும்படியும் கெஞ்சுகிறார். வேறு சிலர் கட்டம் கட்டமான கியூ.ஆர். படத்தை அனுப்பி, “இதைப் படம் பிடித்து ரகசிய எண்ணை அழுத்துங்கள், பணம் வரும்” என்கின்றனர். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே தேவைப்படுகிறது, வாங்குவதற்குத் தேவையில்லை. அழுத்தினால் பணம் போகும்.

விற்பவர் நம்பத் தக்கது தம் கணக்கின் இருப்பு ஒன்றையே. அஞ்சல் சொல்வதையன்று, பாஸ் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். கொப்பரையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு சென்றால் எடையும் ஏலமும் நம் கண் முன்னே நடக்கின்றன. விலை சிறிது முன்பின் இருக்கலாம், ஆனால் ஆளைத் தேட வேண்டியதில்லை.

படத்தைப் பார்த்துக் கன்று வாங்குவோருக்கு நம் வட்டார அறிவே உதவும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். ‘ஒரு மாதக் கன்று’ என்று எழுதி வெண்சாம்பல் நிறக் கன்றின் படத்தை அனுப்புகிறவரிடம் அக்கன்று இல்லை. காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்ணைக் கேட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். கைப்பேசியில் நேரலையாக மாட்டின் வாயைத் திறந்து காட்டச் சொல்லலாம். மறுத்தால் விட்டு விடலாம்.

பணம் போய்விட்டால்

முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சைபர் நிதி மோசடிக்கென்று நாடு முழுவதற்கும் அமைந்த எண் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்றோ அந்த வங்கிக்குத் தகவல் உடனே செல்கிறது. எடுக்கப்படாமல் மிச்சமிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. மோசக்காரர் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை. கணக்குக்குக் கணக்கு மாற்றிக் கொண்டே போகிறார். ஆகையால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பதற்கும் மறுநாள் அழைப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. அடுத்து நம் வங்கிக்கும், மாவட்டத்துச் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2019-இல் தொடங்கப்பட்ட தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

வெட்கத்தினாலும் கோபத்தினாலும் பலர் அந்த அஞ்சலை அழித்து விடுகின்றனர். அது தடயத்தை அழிப்பதாகும். அஞ்சல், பணம் அனுப்பிய விவர எண், பேசிய தொலைபேசி எண் ஆகிய யாவும் இருக்கட்டும்.

வெட்கம் மற்றொரு தீங்கும் செய்கிறது. ஒரு வீட்டில் மறைத்த செய்தி, அடுத்த வீட்டிலும் அதே ஆள் நுழைய வழி விடுகிறது. ஈமுக் கோழிப் பண்ணைகள் 2012-இல் சரிந்தபோது நம் கொங்குப் பகுதி இதனைக் கண்டது. அப்போதாவது போய்க் கதவைத் தட்ட ஒரு கட்டடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கிராம சபை கூடும் நாட்களில், ஊரில் எவருக்கேனும் வந்த போலி அஞ்சல் ஒன்றை, பெயரைச் சொல்லாமல், பஞ்சாயத்தார் உரக்கப் படித்துக் காட்டலாம். இ-சேவை மையத்தில் பணிபுரியும் இளைஞர்களை அழைத்து, முகவரியை வலக்கோடியிலிருந்து படிப்பது எப்படி என்று விளக்கச் செய்யலாம். அதற்குத் தனியே செலவு ஒன்றும் ஆகாது.

புகார் கொடுத்தவருக்குச் சில வாரங்களில் மற்றோர் அஞ்சல் வருவதும் உண்டு. “தாங்கள் இழந்த தொகை மீட்கப்பட்டு விட்டது, விடுவிப்புக் கட்டணமாக 2,500 ரூபாய் செலுத்தவும்” என்று அதில் இருக்கும். முன்பு ஏமாற்றியவரோ, அவரிடம் பெயர்ப் பட்டியலை வாங்கியவரோ அனுப்பியது அது. மீட்ட பணத்தைத் திருப்பித் தரக் காவல் துறையோ வங்கியோ கட்டணம் கேட்பதில்லை. புகாரின் நிலையை, பதிவு எண்ணைக் கொண்டு, காவல் நிலையத்திலேயே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.