செத்த மரத்தில் சிறகு காயும் பறவைகள்!

பறவை பார்க்க ஆப்பிரிக்கக் காடுகளுக்கு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. கம்பத்துக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பஸ் ஏறினால் போதும். கூடலூரைத் தாண்டி மலை ஏறினால் குமுளி. அதை ஒட்டித் தேக்கடி.

மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்ற காலம். வடக்கே இருந்து வாலாட்டிக் குருவிகளும் விருந்துக்கு வந்திருக்கும்.

படகு நகர்ந்ததும் கண்ணில் படுபவை, ஏரியில் நிற்கும் மொட்டை மரங்கள். 1895-ல் பென்னி குயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். கம்பம் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது. மலையில் ஒரு காடு மூழ்கியது. அன்று செத்த மரங்களே இவை.

அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைக்கின்றன. அருகே பாம்புத்தாரா. அது நீந்தும்போது கழுத்து மட்டுமே வெளியே தெரியும். பாம்பேதான்!

மரத்துக்குள் சிறைவாசம்

கரைக் காட்டில் இருவாச்சி. தை பிறந்தால் பெண் பறவை மரப்பொந்தில் புகுந்து வாசலை அடைத்துக் கொள்ளும். சிறு இடுக்கு மட்டும் விடும். ஆண் பறவை அதன் வழியாகப் பழம் ஊட்டும். அது திரும்பாவிட்டால் குடும்பமே பட்டினி!

1934-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் இங்கே சரணாலயம் அமைத்தது. 1978-ல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று.

நீர்க்காகத்துக்குச் செத்த மரம் போதும். இருவாச்சிக்குப் பொந்துள்ள முதிய மரம் வேண்டும். அது தூவும் விதையில் காடு வளர்கிறது. காடு இருந்தால் பெரியாற்றில் நீர். நீர் இருந்தால் கம்பத்தில் நெல்.