தாழியில் துயின்றோரும் காட்சிச்சாலைப் பேழையும்

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் வாழும் எம்மனோர், விடுமுறைக்கு நாகர்கோவில் வழியே திருநெல்வேலிச் சீமைக்குச் செல்லுங்கால், தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரையும் கண்டு வருதல் நலம். பண்டை மக்கள் தம் இறந்தோரைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைத்த பறம்பு அது.

1876-ஆம் ஆண்டு ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே தோண்டியெடுத்த மண்டையோடுகளும் எலும்புகளும் பெர்லின் நகருக்குச் சென்றன. பின்னர் அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலையை அடைந்தன. 2004, 2005-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் மீண்டும் அகழ்ந்து, 160-க்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். ஆக, ஓரூர் மக்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றனர்.

அவர்களை ஆராய விரும்பும் அறிஞர் எங்கே செல்வது? சென்னையிலிருந்த மண்டையோடுகளை ஸக்கர்மன் ஆராய்ந்து எழுதிய நூல் 1930-இல் வெளிவந்தது. ரீயின் அகழ்வு முடிந்து நெடுங்காலத்திற்குப் பின்னரும் அவ்வாராய்ச்சி இயன்றதெனில், எலும்புகள் பேணப்பட்டமையே காரணம். ஆயினும் பேணுதல் என்பது பூட்டி வைத்தல் அன்று. எத்தாழியில், எவ்வளவு ஆழத்தில், எக்கலங்களுடன் கிடைத்தது என்னும் குறிப்புச் சீட்டு தொலைந்துவிட்டால், எலும்பு ஊமையாகிவிடும். ஒருவருடைய எலும்புகள் ஒரே பெட்டியில் இருத்தல் வேண்டும். எலும்பு உதிராதிருக்க முன்னாளில் பூசிய பசையும் மெழுகும் பிற்கால இரசாயனச் சோதனையைக் கெடுக்கக்கூடுமாதலின், பூசியது இன்னதென்பதும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

மரபணுச் சோதனைக்கோ எலும்பில் சிறிதளவைத் துளைத்தெடுத்தல் வேண்டும், எடுத்தது மீளாது. நம் நாட்டு வெப்பத்தில் மரபணு விரைந்து சிதைவதால், துளைத்தும் பயன் கிட்டாது போதல் உண்டு. ஆகவே முதலில் ஊடுகதிர்ப் படங்களையும் அச்சு வார்ப்புகளையும் அறிஞர்க்கு வழங்கி, அவை போதாதவிடத்து மட்டுமே மூல எலும்பைத் தருதல் தக்கது. அனுமதி விதிகள் யாவரும் அறிய அச்சிடப்பெறுதல் வேண்டும். அவற்றை வகுக்கும் குழுவில் அவ்வூராரும் இடம்பெற வேண்டுமென்பது என் கருத்து. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பதே என் தொழில். எனினும் இறந்த ஒரு மனிதரை 'மாதிரிப் பொருள்' என்றெழுத என் கை இன்றும் கூசுகின்றது.

இக்கூச்சம் பிற நாட்டார்க்கும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகம், தான் நெடுங்காலம் வைத்திருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை இலங்கை வேடர் தலைவரிடமே ஒப்படைத்தது. ஆதிச்சநல்லூரில் வேறொரு வழி கண்டனர். 2023-இல் அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்தவிடத்திலேயே காணச் செய்துள்ளனர். காண்போர் குனிந்து நோக்கினால் போதும். தாழியை எவரும் தொடுவதில்லை.