ஒரே வேஷம்... ஏகப்பட்ட சேனல்!

ஒரு சீரியல்ல வர்ற போலீஸ்காரர், வேற சேனல்ல ஓடுற வேற சீரியலுக்குள்ள அதே பேரோட, அதே முறைப்போட விசாரணைக்கு வந்து நின்னா என்ன செய்வீங்க? சேனல் மாறிடுச்சோன்னு ரிமோட்டைத் தேடுவீங்கதானே! அமெரிக்க ரசிகர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அந்த போலீஸ் கேரக்டர் பேர் ஜான் மன்ச். நடிச்சவர் ரிச்சர்ட் பெல்சர்.

1944-ல் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் பிறந்த பெல்சர், உள்ளூர்ப் பத்திரிகை நிருபரா இருந்துட்டு நியூயார்க் காமெடி கிளப்புகளில் மைக் பிடிச்சவர். இவர் மேடை ஏறினா முன்வரிசைக்காரங்க தொலைஞ்சாங்க! பேரு, ஊரு, சட்டைன்னு விசாரிச்சே வாரிவிடுவார். இந்த 'விசாரணை'யை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1975-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' ஆரம்பமானபோது இவருக்குக் கிடைச்ச வேலை என்ன தெரியுமா? ஒளிபரப்புக்கு முன்னாடி ஸ்டுடியோ ஜனங்களைச் சிரிக்கவெச்சு மூடுக்குக் கொண்டுவர்றது. அவ்வளவுதான். 'தி க்ரூவ் டியூப்' படத்தில் (1974) இவரோட நடிச்ச செவி சேஸ், அதே நிகழ்ச்சியில் ஒரே சீஸன்ல ஸ்டார். நம்மாளு கேமராவுக்கு இந்தப் பக்கம். கடுப்பா இருக்காதா பாஸ்?

1985-ல் இன்னும் மோசம். தான் நடத்தின டி.வி. நிகழ்ச்சிக்கு வந்த மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனிடம், ஒரு பிடி போட்டுக் காட்டுங்கன்னு கேட்டார். அவரும் போட்டார். பெல்சர் மயங்கிச் சரிஞ்சு மண்டை உடைஞ்சு தையல் போடவேண்டியதாச்சு. கேஸ் 1990-ல் கோர்ட்டுக்கு வெளியே முடிஞ்சது. அந்தக் காசுலதான் பிரான்ஸில் வீடு வாங்கினேன்னு சொல்லிச் சிரிப்பார் மனுஷன்.

டைரக்டர் பேரி லெவின்சன், ஒரு ரேடியோ நிகழ்ச்சியில் பெல்சர் பேசினதைக் கேட்டுட்டுத்தான் 'ஹோமிசைடு: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்' ஆடிஷனுக்குக் கூப்பிட்டார். 1993-ல் அது ஒளிபரப்பானப்போ பெல்சருக்கு 48 வயசு! பால்டிமோர் கொலை வழக்குகளைத் துப்பறியும் மன்ச், யாரையும் நம்பாத, வாய்க்கொழுப்பு பிடித்த ஆசாமி. கிளப்பில் முன்வரிசையை வாரின அதே வாய், இப்போ விசாரணை அறையில் சந்தேகக் கைதியை வாரியது. எனக்கென்னவோ அவர் தொழிலை மாத்தினதாவே தோணலை. எதிர்ல உட்கார்ந்த ஆளைத்தான் மாத்தினார்.

1997-ல் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் மன்ச் எட்டிப்பார்த்தார். அதில் சதிக்கதை சொல்ற ஒரு ஆளை இவர் விசாரிப்பார். பெல்சரே கென்னடி கொலை முதல் பறக்கும் தட்டு வரை சதின்னு சந்தேகப்பட்டு புத்தகம் போட்டவர்ங்கிறதுதான் ஜோக். (அதையெல்லாம் நம்பணும்னு அவசியமில்லை. நான் நம்பலை!)

1999-ல் 'ஹோமிசைடு' முடிஞ்சது. வழக்கமா கேரக்டரும் அதோட காலி. மன்ச் மட்டும் நியூயார்க்குக்கு 'மாற்றல்' வாங்கிட்டு 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ.'வில் சேர்ந்து 2013 வரை டூட்டி பார்த்தார். ஒரே வேஷத்தையே போட்டா அது நடிப்பான்னு கேட்கலாம். பத்து வேஷம் போட்டு ஒண்ணும் மனசுல நிக்காத நடிகர்களை நாம பார்க்கலையா?

2008-ல் 'தி வயர்' தொடரிலும் ஒரு தரிசனம். 'ஹோமிசைடு'க்கு மூலமான புத்தகத்தை எழுதிய டேவிட் சைமன் உருவாக்கின தொடர் அது. கதை நடப்பது மறுபடியும் பால்டிமோர். பார் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார் மன்ச். சில விநாடி, ரெண்டு மூணு வரி வசனம். பேரைக்கூட யாரும் சொல்லலை. பெல்சர் 2023 பிப்ரவரியில் பிரான்ஸில் காலமானார். வயசு 78.