வாள் விழுங்குபவருக்கு வந்த விளம்பரம்

அமெரிக்காவில் ஒருவருக்கு வாள் விழுங்கிக் காட்டுவதுதான் தொழில். 2014ஆம் ஆண்டு ஒருநாள் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. வாளைச் சுலபமாக விழுங்கிவிடுகிறீர்கள், மாத்திரை என்றால் மட்டும் தொண்டையில் நிற்கிறதா என்று அது கேட்டது. உண்மையிலேயே அவருக்கு மாத்திரை விழுங்க வராது. அதைத் தொடர்ந்து, அவருக்கு மட்டுமே பொருந்தக்கூடிய வேறு சில விளம்பரங்களும் வந்தன. மனிதர் மிரண்டுபோனார்.

எல்லாம் அவருடன் அறையில் தங்கியிருந்த நண்பரின் வேலை. நண்பர் இணைய விளம்பரத் தொழிலில் இருந்தவர். மின்னஞ்சல் முகவரிகளைப் பட்டியலாகக் கொடுத்து, இவர்களுக்கு மட்டும் காட்டு என்று சொல்லும் வசதி ஃபேஸ்புக்கில் உண்டு. ஒரே ஒருவருடைய முகவரியைக் கொடுத்தால் அது ஏற்காது. அதனால் பட்டியலில் ஒரே ஓர் ஆணை வைத்து, மீதி இடங்களைப் பெண்களின் முகவரிகளால் நிரப்பினார். பிறகு ‘ஆண்களுக்கு மட்டும்’ என்று தேர்வு செய்தார். அவ்வளவுதான். உலகத்திலேயே ஒரே ஒரு மனிதர் பார்ப்பதற்கான விளம்பரம் தயாரானது.

இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட முடியாது. 2021இல் மாட்ரிட் மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே முறையான சோதனையாகச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு முகவரிப் பட்டியல்கூடத் தேவைப்படவில்லை. ஃபேஸ்புக் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பார்த்தது, விரும்பியது, அழுத்தியது எல்லாவற்றிலிருந்தும் ஏராளமான ‘விருப்பங்களை’ எழுதி வைத்திருக்கிறது. அவற்றுள் மிக அரிதான 4 விருப்பங்கள் தெரிந்தால் போதும், அல்லது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ 22 விருப்பங்களை எடுத்தால் போதும்; கோடிக்கணக்கான பேரிலிருந்து அந்த ஒருவரை 90 விழுக்காடு வாய்ப்புடன் தனியே பிரித்துவிடலாம் என்பது அவர்களின் கணக்கு. கணக்கோடு நிற்கவில்லை. தங்களில் மூன்று பேரைக் குறிவைத்து 21 விளம்பரங்களை ஓடவிட்டார்கள். அவற்றில் 9, குறிவைத்தவரின் திரையைத் தவிர வேறெங்கும் தோன்றவில்லை. பெயர் தெரியாது, ஆளைத் தெரியாது, ஆனால் அந்த ஆளை மட்டும் தொடமுடியும்.

இனி, நம் எல்லோர் வீட்டிலும் எழும் சந்தேகத்துக்கு வருகிறேன். தஞ்சாவூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, “முழங்கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் என் போனில் முழங்கால் உறை விளம்பரம். எனக்கு முழங்கால் வலியே கிடையாது. பெரியம்மாவிடம் காட்டினேன். “நாம பேசுனது அதுக்குக் கேட்டிருக்கு பாத்தியா? இனிமே இதப் பக்கத்துல வச்சுக்கிட்டு எதுவும் பேசாத” என்றார். ஒரு கணம் எனக்கும் முதுகு சில்லிட்டது.

போன் ஒட்டுக்கேட்கிறதா? இந்தக் கேள்வியைப் பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று எடுத்துக்கொண்டு, 2018இல் முடிவை வெளியிட்டது. 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்தார்கள். போனிலிருந்து எந்தத் தகவல் எந்த முகவரிக்குப் போகிறது என்று கண்காணித்தார்கள். தெரியாமல் மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத வேறொன்று அகப்பட்டது: சில செயலிகள் திரையில் நாம் செய்வதைப் படமாகவும் காணொளியாகவும் பிடித்து மூன்றாம் தரப்பு நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. காதைத் தேடிப் போனவர்கள் கண்ணைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பேச்சைச் சுருக்கி அனுப்பினால் நொடிக்கு 2 கிலோபைட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 7 மெகாபைட். விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்கு 115 மெகாபைட். இத்தனை கோடிப் போன்களிலிருந்து நாள்தோறும் இவ்வளவு வெளியே போனால் அது மறைந்திருக்க வழியில்லை; பேட்டரியும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சில சொற்களை மட்டும் போனுக்குள்ளேயே கண்டுபிடித்து அனுப்பலாமே என்றால், தொழில்நுட்பப்படி அது முடியும். அதனால்தான் கணக்கை மட்டும் நம்பாமல் இப்படிச் செயலிகளைப் பிடித்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

பெரியம்மாவின் சந்தேகத்தை நான் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சில்வர்புஷ் என்ற இந்திய நிறுவனம், தொலைக்காட்சி விளம்பரத்தின் ஒலிக்குள் மனிதக் காதுக்கு எட்டாத கீச்சொலியைப் புதைத்து, அதைப் போன் செயலி மைக் வழியாகக் கேட்டு ‘இந்த வீட்டில் இந்த விளம்பரம் ஓடியது’ என்று குறித்துக்கொள்ளும் நுட்பத்தை உருவாக்கியது. அந்த மென்பொருளைச் சேர்த்திருந்த 12 செயலிகளின் தயாரிப்பாளர்களுக்கு 2016 மார்ச்சில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தத் தொழிலை விட்டுவிட்டதாக நிறுவனம் சொன்னது. ஆனால் 2017இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்கள் தேடியபோது 234 ஆண்ட்ராய்டு செயலிகளில் அந்த நுட்பம் இருந்தது.

என் முழங்கால் உறைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பெரியம்மாவின் மகனான அண்ணனைக் கேட்டேன். அந்த வாரம் தன் அம்மாவுக்காக அவர் அதே உறையைத் தேடி நாலைந்து கடைகளின் தளங்களைப் பார்த்திருக்கிறார். வீட்டில் ஒரே வைஃபை. வெளியுலகத்துக்கு அந்த வீட்டுப் போன்கள் எல்லாம் ஒரே ஐபி முகவரியிலிருந்து வருபவை. நான் போய் அந்த வைஃபையில் சேர்ந்ததும் நானும் அந்த வீட்டு ஆள். அதோடு, அன்று நான் பார்த்த மற்ற ஐம்பது விளம்பரங்கள் எதுவும் எனக்கு நினைவில்லை. பேச்சோடு பொருந்திய ஒன்றுதான் மனத்தில் ஒட்டியது.

விளம்பரம் திரைக்கு வரும் வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி என்ற இளம் பொறியாளர் ‘குக்கீ’யை உருவாக்கினார். ஒரு தளத்துக்கு இரண்டாம் முறை வருபவரை அந்தத் தளம் அடையாளம் தெரிந்துகொள்ளட்டும், கூடையில் எடுத்துப் போட்ட பொருள் மறைந்துவிடாமல் இருக்கட்டும் என்பதற்கான சிறு குறிப்புச் சீட்டு அது. தளத்துக்குச் சொந்தமில்லாத விளம்பர நிறுவனங்களும் அங்கே தங்கள் சீட்டை எழுதலாம், படிக்கலாம் என்றானபோது கதை மாறியது. ஒரே நிறுவனத்தின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால், அந்த ஆயிரத்திலும் நம் காலடி அதற்குத் தெரியும்.

இன்று நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறந்ததும், பக்கத்தில் காலியாக இருக்கும் கட்டம் ஏலத்துக்குப் போகிறது. எந்தப் பக்கம், எந்த ஊர்ப்பக்கம், என்ன போன், உங்களைக் குறிக்கும் அடையாள எண் என்ன என்ற விவரங்களுடன் ஒரு சீட்டு பல நிறுவனங்களின் கணினிகளுக்குப் பறக்கிறது. ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள பழைய குறிப்புகளோடு ஒத்துப்பார்த்து விலை சொல்கிறது. அதிக விலை கேட்டவருக்குக் கட்டம். எல்லாம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். நாம் பார்ப்பது ஒரு விளம்பரம். நம் விவரம் போனதோ பல இடங்களுக்கு.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். இந்த ஏலத்தில் பொருளை யாரும் பார்ப்பதில்லை; சீட்டை மட்டும் பார்க்கிறார்கள். சீட்டில் எழுதியிருப்பது எவ்வளவு சரி? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தகவல் விற்கும் நிறுவனங்கள் ‘இவர் ஆண்’ என்று குறித்து விற்ற விவரங்களைச் சரிபார்த்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 42 தான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும். சம்பந்தமே இல்லாத விளம்பரங்கள் நம்மைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் இந்தப் பிழை.

வாங்கி முடித்த பொருளே திரும்பத் திரும்ப வந்து நிற்பதற்குக் காரணம் வேறு. செருப்புப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்பது விளம்பர நிறுவனத்துக்குத் தெரியும். நீங்கள் அதைத் தெருமுனைக் கடையில் வாங்கிவிட்டது தெரியாது. அப்படித் துரத்தும் விளம்பரங்கள், பொதுவான விளம்பரத்தைவிடச் சராசரியில் குறைவாகவே பலன் தருகின்றன என்று ஆய்வாளர்கள் அன்யா லாம்ப்ரெக்ட், கேத்தரின் டக்கர் இருவரும் ஒரு பயணத் தளத்தில் சோதித்து 2013இல் எழுதினார்கள். துரத்தல் மட்டும் நிற்கவில்லை.

பிழை என்றாலே அற்பம் என்று ஆகிவிடாது. ஹார்வர்டு பேராசிரியர் லட்டான்யா ஸ்வீனி தன் பெயரைக் கூகுளில் தேடியபோது, அந்தப் பெயருள்ளவர் கைதானவரா என்று கேட்கும் விளம்பரம் பக்கத்தில் வந்தது. அவர் கைதானதே இல்லை. விட்டுவிடாமல் 2,184 பெயர்களை எடுத்துத் தேடினார். கறுப்பினத்தவர் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் பெயர்களுக்குக் கைது என்ற சொல்லுள்ள விளம்பரம் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2013இல் இதை வெளியிட்டார். யாராவது வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா, மக்கள் எதை அழுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இயந்திரமே கற்றுக்கொண்டதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. வேலை கேட்டு விண்ணப்பித்த ஒருவரின் பெயரை முதலாளி தேடும்போது பக்கத்தில் இந்தக் கேள்வி நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இயந்திரம் தானாகக் கற்பதற்குச் சான்று 2019இல் வந்தது. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறு சிலரும் ஃபேஸ்புக்கில் வேலை விளம்பரங்கள் கொடுத்தார்கள். ஆண், பெண், நிறம் என்று எதையும் குறிக்கவில்லை; எல்லோருக்கும் காட்டு என்றுதான் சொன்னார்கள். மரம் வெட்டும் வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆண்கள். சூப்பர்மார்க்கெட் கல்லாப்பெட்டி வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 85 விழுக்காடு பெண்கள். யார் அழுத்துவார்கள் என்ற கணிப்பையும் ஏலத்தில் சேர்த்துக்கொள்வதால் வரும் விளைவு இது. பிறகு ஒரு நுட்பமான வேலை செய்தார்கள். விளம்பரப் படத்தை ஏறக்குறைய முழுவதும் ஊடுருவித் தெரியும்படி ஆக்கிவிட்டார்கள். மனிதக் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைக் கட்டம். அப்படியும் ஆண்களைக் கவரக்கூடிய படம் ஆண்களுக்குக் கூடுதலாகப் போனது, பெண்களைக் கவரக்கூடிய படம் பெண்களுக்குக் கூடுதலாகப் போனது. எந்த மனிதரும் பார்க்க முடியாத படத்தை இயந்திரம் பார்த்து, யாருக்கு எது என்று முடிவு செய்திருந்தது.

இந்த விளம்பரம் எனக்கு ஏன் வந்தது என்று கேட்க ஒரு பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். ஃபேஸ்புக் தரும் அந்த விளக்கங்களையும் 2018இல் ஆராய்ந்திருக்கிறார்கள். விளம்பரதாரர் ஐந்து காரணங்களை வைத்திருந்தாலும், மிகப் பலருக்குப் பொருந்தும் சாதாரணக் காரணம் ஒன்றையே அது சொன்னது. கூச்சமோ அச்சமோ தரக்கூடிய அரிய காரணம் விளக்கத்தில் வராமலே போனது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் பிரிவு இருக்கிறது. நல்ல விதி. ஆனால் 18 வயது ஆன மறுநாள் ஒருவருக்கு ஏலச்சீட்டு புரிந்துவிடாது. பெரியம்மாவுக்கு வயது 71. அவருக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றே நினைக்கிறேன். இப்போதைக்கு அவர் போனின் அமைப்புகளுக்குள் போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துக் கொடுத்திருக்கிறேன். செயலிகளுக்கு மைக் அனுமதியையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

இந்தத் துறையைப் பற்றிப் படித்தவற்றில் என்னை விட்டு அகலாதது, 2018 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் ஒருவர் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம். அவர் கர்ப்பமாக இருந்ததை அவர்களுடைய கணினிகள் கண்டுபிடித்திருந்தன. கர்ப்பகால உடைகளைத் தேடினார், வயிறு தெரியும் படங்களைப் போட்டார். அதற்கேற்ற விளம்பரங்கள் வந்தன. குழந்தை இறந்து பிறந்தது. மூன்று நாள் அவர் இணையத்தில் எதுவும் எழுதவில்லை. பிறகு துக்கச் செய்தியை எழுதினார். நண்பர்கள் அதன் கீழே கண்ணீர்க் குறிகளைக் கொட்டியிருந்தார்கள். கர்ப்பத்தைக் கண்டுபிடித்த உங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டார். குழந்தைப் பொருள் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. ‘இதைப் பார்க்க விரும்பவில்லை’ என்று அழுத்தினார். ஏன் என்று கேட்டது. ‘எனக்குப் பொருந்தாது’ என்பதை அழுத்தினார். கர்ப்பிணிக்கான பொருள் இனிப் பொருந்தாது என்றால் குழந்தை பிறந்துவிட்டது என்று அது கணக்குப் போட்டது. அடுத்து, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான உள்ளாடைகளையும், குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகளையும் காட்டத் தொடங்கியது.