தாயின் உடலும் மனமும் ஒரே மருத்துவத்தில்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் முன்னோர். அம்மறுபிறவியில் உடல் பிழைத்துக்கொண்டால் போதும் என்று நாம் பெரும்பாலும் நினைத்துவிடுகிறோம். வீட்டுக்கு வரும் தாதி குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார். தாயின் இரத்த அழுத்தத்தைக் குறிக்கிறார். "எப்படியம்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறேன், மிஸ்ஸி" என்பதே விடை. இரவெல்லாம் அழுததைத் தாய் சொல்வதில்லை. அதையும் தாதியிடம் சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரியாது.

பிரசவமான சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பே. இரண்டு வாரத்திற்குள் அது தானே தணியும். அதற்கு மேலும் துயரம் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, குழந்தையின் மேலும் பற்றுக் குறைந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடைபெற்று 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிள்ளை பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 11 பேருக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது தெரியவந்தது. குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண்பிள்ளை பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் மனக்கசப்பு, வேலைக்குக் கைகொடுக்க ஆளின்மை ஆகியன இந்நோயோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. இவற்றுள் எது நமக்குப் புதியது?

பெட்டாலிங் ஜெயாவிலுள்ள கம்போங் மேடானை எண்ணிப் பார்ப்போம். தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல அவ்வட்டாரத்தில் குடியேறின. தோட்டத்து லயத்தில் ஒருத்தி பிள்ளை பெற்றால், அடுத்த வீட்டு அக்காள் வெந்நீர் வைப்பாள். மூத்த குழந்தையை ஆயாக் கொட்டகை பார்த்துக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டிலோ, கணவர் வேலைக்குச் சென்றபின் சாத்திய கதவுக்குள் தாயும் சேயும் தனித்திருக்க நேரிடுகிறது.

இத்தகைய தாய் மனநல மருத்துவரைத் தேடித் தானே செல்லமாட்டாள். "பைத்தியம் என்பார்களே" என்ற அச்சம் தடுக்கும். ஆனால் மகப்பேற்றுப் பரிசோதனைக்கு அவள் தவறாமல் வருகிறாள். ஆகவே மனத்தைப் பற்றிய கேள்வியையும் அங்கேயே கேட்பதுதான் தக்க வழி. எடின்பரோ வினாத்தாள் என்பது 1987-இல் இதற்கென ஆக்கப்பட்டது. கடந்த 7 நாள்களின் மனநிலையைப் பற்றிய 10 எளிய கேள்விகள் அதில் உள்ளன. மலாயிலும் தமிழிலும் அது பெயர்க்கப்பட்டுள்ளது.

உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்ப்பதில் மற்றுமொரு நன்மை உண்டு. இரத்தச் சோகையும் தைராய்டுக் கோளாறும் கூடச் சோர்வை உண்டாக்கும். இரத்தத்தைச் சோதித்தால்தான் வேறுபாடு தெரியும்.

சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனையே தேவை என்பதும் இல்லை. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் வீடுதோறும் செல்லும் பெண் சுகாதார ஊழியர்களுக்கே மனநலப் பயிற்சி அளித்துப் பார்த்தனர். 2008-இல் வெளியான அதன் முடிவின்படி, மனச்சோர்வு கண்ட தாய்மாருள் பயிற்சி பெற்றோரின் துணை கிட்டியவர்களில், குழந்தைக்கு ஆறு மாதமானபோது நோய் நீடித்தது நூற்றுக்கு 23 பேரிடமே. அத்துணை கிட்டாதவர்களில் அது 53 ஆக இருந்தது.

மகப்பேற்றோடு இத்தேவை முடிந்துவிடுவதில்லை. குழந்தையில்லை என்ற ஏச்சும், கருச்சிதைவும், கருப்பை நீக்கமும், மாதவிலக்கு நிற்கும் பருவமும் மனத்தை வாட்டக்கூடியவை. இவற்றுக்காக மருத்துவரிடம் செல்லும்போது உறக்கத்தையும் கவலையையும் பற்றிச் சொல்வது தவறாகாது.

நம் நாட்டில் சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல நிலையங்கள் இயங்குகின்றன. 15555 என்ற எண்ணில் அமைச்சின் ஆலோசனைச் சேவையும் உண்டு. தாய்ப்பால் கொடுப்போருக்கு ஏற்ற மருந்துகளும் உள்ளன. அவற்றை மருத்துவரே தீர்மானிப்பார்.

ஆயிரம் பிரசவங்களில் ஓரிரண்டில் தாய்க்குச் சித்தம் கலங்கி, இல்லாத குரல் கேட்பதும் உண்டு. இதைக் காற்று, கருப்பு என்று எண்ணி நாள் கடத்தலாகாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியவர் வழக்குக்கு அஞ்சி அதை மறைக்க வேண்டியதுமில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

பத்தியம் பார்க்கும் கவனத்தில் பாதியை அவள் மனத்தின் மீது வைக்கும் பொறுப்பு கணவர்மார்க்கும் மாமியார்மார்க்கும் உண்டு. "ஏன் அழுகிறாய்?" என்று அதட்டாமல் அருகில் அமர்ந்து கேட்போம். தாய்மார்களே, அடுத்த முறை மிஸ்ஸி கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்க மறந்தால், நீங்களே தொடங்குங்கள்.