படுத்ததும் ஏன் கேஸ் சிலிண்டர் ஞாபகம் வருகிறது?

திருச்சி கே.கே. நகரில் இரவு பதினொரு மணி. விளக்கை அணைத்துப் படுத்தாயிற்று. மின்விசிறி சுற்றுகிறது, கூடவே மண்டையும். கேஸ் புக் பண்ணவில்லை. கரண்ட் பில்லுக்கு நாளை கடைசி நாள். பகலெல்லாம் எட்டிப் பார்க்காத இவை, தலை சாய்ந்ததும் வரிசை கட்டுவது ஏன்?

பகலில் கவனத்தை இழுக்க வண்டி, போன், அடுப்பு என்று ஆயிரம் உண்டு. இருட்டில் எதுவும் இல்லை. மறந்துவிடுமோ என்று மூளை அரைகுறை வேலைகளையே ஒத்திகை பார்க்கிறது. முடித்த வேலையைவிடப் பாதியில் நின்றதுதான் நன்றாக நினைவில் நிற்கிறது என்று 1927-இல் எழுதினார் பெர்லினில் ஆய்வு செய்த புளூமா ஸைகார்னிக். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அதை ஆமோதிக்கவில்லை என்பது வேறு கதை. 2011-இல் உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் கண்டது இன்னும் சுவையானது: வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது, எப்படி என்று திட்டம் போட்டாலே நச்சரிப்பு அடங்குகிறது.

அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு இதைப் படுக்கையிலேயே சோதித்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில் 57 இளைஞர்கள் தூங்கப்போகும் முன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். ஒரு பாதி, இனிச் செய்யவேண்டியதை. மறு பாதி, செய்து முடித்ததை. மூளை அலைகளை அளந்தபோது முதல் அணி சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கியிருந்தது. அந்த அணியிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம்.

ஆகவே "பேங்க் வேலை" என்றால் போதாது. "காலை பத்தரைக்கு பேங்க், பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ்" என்று வேண்டும். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் தாராளம். போனில் குறிக்கலாமே என்று எடுத்தால் வாட்ஸ்அப் விடாது.

சோதனையில் படுத்தவர்கள் 18 முதல் 30 வயதுக்குள் இருந்த, ஆரோக்கியமானவர்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல் புரள்பவர்கள் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.